எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய பிளக் பாயிண்ட்

அமெரிக்காவில் பல வீடுகளின் படுக்கையறையில் கதவோரம் ஒரு ஸ்விட்ச் இருக்கும். போட்டால் ஒன்றும் நடக்காது. மேலே பார்த்தால் சீலிங்கில் விளக்கே இருக்காது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஸ்விட்ச் ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அந்த ஸ்விட்ச் அறையின் எதிர் மூலையில், கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிளக் பாயிண்டைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஒரு மேசை விளக்கையோ தரை விளக்கையோ செருகி வைத்தால், கதவோர ஸ்விட்ச் அதற்கான ஸ்விட்ச் ஆகிவிடும். அதுதான் கணக்கு.

நம்ம ஊரில் இந்தக் குழப்பம் வராது. பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே அதன் ஸ்விட்ச் ஒரே போர்டில் இருக்கும். எது எதற்கு என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். இங்கே பெரும்பாலான பாயிண்டுகளுக்கு ஸ்விட்சே கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டுக்கும் அந்த உறவு சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் "இந்தப் பாயிண்டை எப்போதும் ஆனில் இருக்கிற மாதிரி மாற்ற முடியுமா?" என்ற கேள்வி அமெரிக்க வீடுகளில் அடிக்கடி வருகிறது. முடியும். ஆனால் எந்தப் பெட்டியைத் திறந்து மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஐந்து நிமிட வேலையாகவும் இருக்கலாம், சுவருக்குள் ஷார்ட் சர்க்யூட்டாகவும் முடியலாம். நான் படித்தும் அளந்தும் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்?

அமெரிக்க வயரிங்குக்கு அடிப்படை, 1897-இல் முதலில் வெளியான தேசிய மின் விதித்தொகுப்பு. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். மாநிலமோ ஊரோ ஏதாவது ஒரு பதிப்பை ஏற்று, அதில் தங்கள் திருத்தங்களையும் சேர்த்துக்கொள்ளும். அதன் 210.70 பிரிவு, குடியிருக்கும் ஒவ்வோர் அறையிலும் சுவர் ஸ்விட்சால் எரிகிற ஒரு விளக்கு வேண்டும் என்கிறது. இருட்டில் தடவிக்கொண்டு யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பதே நோக்கம். அதற்கு ஒரு விலக்கும் உண்டு. சமையலறை, குளியலறை தவிர மற்ற அறைகளில் நிலையான விளக்குக்குப் பதிலாக, ஸ்விட்சில் இயங்கும் ஒரு பிளக் பாயிண்ட் போதும். வீடு கட்டுபவருக்குச் சீலிங்கில் பெட்டி, விளக்கு எல்லாம் மிச்சம். அதைத்தான் பலரும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு விதியும் இதில் வந்து சேர்கிறது. 210.52-இன் படி, சுவரோரத்தில் எந்த இடத்திலிருந்தும் 6 அடிக்குள் ஒரு பாயிண்ட் இருக்க வேண்டும். விளக்குக்குப் பதிலாக வைத்த ஸ்விட்ச் பாயிண்டை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அமெரிக்கப் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு துளைத் தொகுதிகள் இருக்கும். ஒரு பாதியை ஸ்விட்சில் கொடுத்து, மறுபாதியை நேரடியாகக் கொடுத்தால் இரண்டு விதியும் நிறைவேறிவிடும். அதனால்தான் பாதி ஸ்விட்ச், பாதி நேரடி என்கிற பாயிண்டுகள் இவ்வளவு பரவலாக இருக்கின்றன.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பயன்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் மறுபாதியில் செருகிப் பாருங்க. ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு விளக்கை மேல் துளையிலும் கீழ்த் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகினால் போதும். ஒன்றில் எரிந்தால் எப்போதும் ஆனில் இருக்கும் பாயிண்ட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பல வீடுகளில் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராதபோது

பழைய வீடுகளில் இரண்டு பாதியும் ஸ்விட்சில் இருப்பதும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா வந்து தங்கும் அறை அப்படித்தான். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு. இரவு முழுக்க சிபேப் மெஷின் ஓட வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரே பாயிண்ட். அறையில் பிற்பாடு யாரோ விளக்கோடு கூடிய ஃபேனைப் போட்டு, அதற்கும் கதவோரம் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். ஆக, ஒட்டி ஒட்டி இரண்டு ஸ்விட்ச். ஊரில் அறுபது வருடமாகப் படுக்கும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுத்தவர் அப்பா. நடு இரவில் பாத்ரூம் போய்விட்டு வந்தவர் இரண்டையும் அணைத்துவிட்டார். மெஷினும் நின்றது. மாஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூச்சடைப்போடே விடியும்வரை தூங்கியிருக்கிறார். காலையில் தலைவலி என்று சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

வைஃபை ரவுட்டர், இன்சுலின் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ், மீன்தொட்டியின் மோட்டார், ஸ்மார்ட் பல்ப் என்று இந்தப் பட்டியல் நீளும். அணைந்தது தெரியாமலேயே அணைந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. எக்ஸ்டென்ஷன் வயரை அறைக்குக் குறுக்கே இழுக்கலாம்தான். ஆனால் வயதானவர் இரவில் நடக்கிற வழியில் வயரைப் போடுவது வேறொரு விபத்துக்கு அழைப்பு.

உடனடித் தீர்வு, ஸ்விட்ச் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடி. ஹார்ட்வேர் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும். ஸ்விட்ச் தகட்டின் அதே இரண்டு ஸ்க்ரூவில் மாட்டலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. சுவருக்குள் கைவைக்கும் உரிமை வீட்டுக்காரருடையது.

பாயிண்டுக்குள் என்ன இருக்கிறது

நாம் ஃபேஸ் என்று சொல்வதை இங்கே ஹாட் என்பார்கள். பொதுவாகக் கறுப்பு வயர் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறை இல்லாத செம்போ எர்த். ஸ்விட்சிலிருந்து திரும்பி வரும் ஃபேஸுக்குப் பெரும்பாலும் சிவப்பு. பாயிண்டின் ஒரு பக்கம் பித்தளை நிற ஸ்க்ரூ இரண்டு, அவை ஃபேஸுக்கு. மறுபக்கம் வெள்ளி நிற ஸ்க்ரூ இரண்டு, அவை நியூட்ரலுக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஸ்க்ரூவையும் இணைக்கும் சின்ன உலோகத் துண்டு ஒன்று உண்டு. பித்தளைப் பக்கத்துத் துண்டை மட்டும் நோஸ் பிளேயரால் வளைத்து உடைத்துவிட்டால் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் ஃபேஸ் தனித்தனி ஆகிவிடும். நியூட்ரல் பொதுவாகவே இருக்கும். பாதி ஸ்விட்ச் பாயிண்டின் ரகசியம் இவ்வளவுதான்.

இதை மாற்ற இணையத்தில் சொல்லப்படும் வழக்கமான யோசனை: "துண்டு உடையாத புதுப் பாயிண்டை வாங்கி மாட்டு, வேலை முடிந்தது." இது சில வீடுகளில் சரி. சில வீடுகளில் விபரீதம். காரணம், அந்தப் பெட்டிக்குள் வயர் வந்து சேரும் முறை ஒன்றல்ல.

முதல் முறை: கரண்ட் முதலில் ஸ்விட்ச் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பாயிண்டுக்குக் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் போகின்றன. கறுப்பு எப்போதும் ஆன். சிவப்பு ஸ்விட்சைப் பொறுத்தது. இங்கே சிவப்பைக் கழற்றித் தனியே மூடிவிட்டு, முழுத்துண்டுள்ள பாயிண்டில் கறுப்பை மட்டும் கொடுத்தால் சரியாக இருக்கும். இதே முறையில் சிவப்பே இல்லாமல் இரண்டு வயர் மட்டும் போனால், முழுப் பாயிண்டும் ஸ்விட்சுக்குக் கட்டுப்பட்டது. அப்போது பாயிண்டை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

இரண்டாவது முறை: கரண்ட் முதலில் பாயிண்ட் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கறுப்பு-வெள்ளை கேபிள் ஸ்விட்சுக்குப் போய்த் திரும்புகிறது. இந்தக் கேபிளில் வெள்ளை நியூட்ரல் கிடையாது. ஃபேஸை ஸ்விட்சுக்குக் கொண்டுபோவதே அந்த வெள்ளை வயர்தான். கறுப்பு அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இப்படிப்பட்ட வெள்ளையில் கறுப்பு டேப் சுற்றியோ வண்ணம் பூசியோ அடையாளம் காட்ட வேண்டும் என்பது இன்றைய விதி. பழைய வீடுகளில் அந்த அடையாளம் இருக்காது. "வெள்ளை என்றால் நியூட்ரல்" என்று நம்பி அதை மற்ற வெள்ளைகளோடு சேர்த்து, கறுப்பை ஃபேஸோடு சேர்த்தால் என்ன ஆகும்? ஸ்விட்ச் அணைந்திருக்கும்வரை எல்லாம் நன்றாக வேலை செய்வது போலவே இருக்கும். யாராவது ஸ்விட்சைப் போட்ட நொடி, ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் மோதும்.

மூன்றாவது முறைதான் மோசமானது: இரண்டு பாதிக்கும் ஃபேஸ் இரண்டு வெவ்வேறு பிரேக்கரிலிருந்து வருகிறது. அமெரிக்க வீட்டுக்குள் வருவது 240 வோல்ட். நடுவில் நியூட்ரலை எடுத்து அதை இரண்டு 120 வோல்ட் கால்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பிரேக்கரும் வெவ்வேறு காலில் இருந்தால் இரு பித்தளை ஸ்க்ரூவுக்கும் இடையே 240 வோல்ட். துண்டு உடையாத புதுப் பாயிண்டை மாட்டினால் அந்தத் துண்டே ஷார்ட் ஆகும். இரண்டும் ஒரே காலில் இருந்தால் உடனே ஒன்றும் வெடிக்காது. ஆனால் ஒரு பிரேக்கரை அணைத்த பிறகும் மற்றொன்று வழியாகப் பாயிண்டில் கரண்ட் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி அடுத்து கைவைப்பவருக்கு அதுவே ஆபத்து.

எங்கே மாற்றுவது?

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தோன்றுகிறது. ஸ்விட்ச் என்பது நிரலில் வரும் ஒரு 'இஃப்'. அந்த நிபந்தனை எப்போதும் உண்மை என்று எழுதிவிட்டால் மற்ற வரிகள் எதையும் தொட வேண்டியதில்லை. பாயிண்ட் பெட்டியில் மாற்றுவது, அந்த நிரலையே கலைத்துத் திருப்பி எழுதுவது. அதற்கு முழு அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்விட்ச் பெட்டியில் மாற்றுவது என்றால்: ஸ்விட்சின் இரண்டு பித்தளை ஸ்க்ரூவிலும் இருக்கும் வயர்களைக் கழற்றி, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வயர் நட் போட்டு முறுக்கிவிடுவது. ஸ்விட்சை எடுத்துவிட்டு வெற்றுத் தகட்டால் மூடுவது. மின்சாரத்தின் பார்வையில் இது ஸ்விட்ச் நிரந்தரமாக ஆனில் இருப்பதற்குச் சமம். மேலே சொன்ன மூன்று முறைகளில் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். ஸ்விட்ச் ஆனில் இருந்தபோது பாதுகாப்பாக இருந்த வயரிங், இனிமேலும் அதே நிலையில்தான் இருக்கும். உடைத்த துண்டு உடைந்தபடியே இருக்கும். வெள்ளை எது, சிவப்பு எது என்று ஊகிக்கவும் தேவையில்லை. அப்பாவின் அறையில் நான் செய்தது இதுதான்.

சில எச்சரிக்கைகள் உண்டு.

ஒரே பெட்டியில் பல ஸ்விட்ச் இருந்தால், ஒரு ஸ்க்ரூவிலிருந்து அடுத்த ஸ்விட்சுக்கும் ஃபேஸ் தாவிப் போயிருக்கலாம். அந்த வயரையும் சேர்த்தே முறுக்க வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்து ஸ்விட்ச் செத்துவிடும்.

பச்சை ஸ்க்ரூ எர்த்துக்கானது; இந்தக் கணக்கில் சேராது. எர்த்தைத் தவிர மூன்று ஸ்க்ரூ இருந்தால், அது இரண்டு இடத்திலிருந்து இயக்கும் ஸ்விட்ச், நம்ம ஊர் மாடிப்படி விளக்கு மாதிரி. அதில் இரண்டு வயரைச் சும்மா சேர்த்தால் பலன் கிடைக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ஸ்விட்ச் இருந்த இடத்தில் டிம்மர் இருந்தால் அது முதலிலேயே தவறு. பொதுப் பாயிண்டை டிம்மரில் கொடுக்க விதி அனுமதிப்பதில்லை. மோட்டார் உள்ள எதையும் அதில் செருகக் கூடாது.

வயர் வெள்ளி நிறத்தில் மங்கலாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம்வரை கட்டிய வீடுகளில் இது உண்டு. அலுமினிய இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடாகும். சாதாரண வயர் நட்டால் முறுக்கக் கூடாது. அங்கே நான் கையே வைக்க மாட்டேன்.

வெற்றுத் தகட்டால் மூடிய பெட்டியைப் பிறகு சுவர் பூச்சுக்குள்ளோ பலகைக்குப் பின்னாலோ மறைக்கக் கூடாது. உள்ளே இணைப்பு இருக்கும் எந்தப் பெட்டியும் திறந்து பார்க்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

கரண்ட் இல்லை என்று எப்படித் தெரியும்?

ஊரில் நாம் பழகிய நியான் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். அது எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றும் இருக்கலாம், டெஸ்டர் கெட்டுவிட்டது என்றும் இருக்கலாம், உங்கள் காலில் தடித்த ரப்பர் செருப்பு என்றும் இருக்கலாம். வயரைத் தொடாமலே பீப் ஒலிக்கும் டெஸ்டரில் வேறு தொல்லை: பக்கத்து வயரின் தூண்டலில் செத்த வயருக்கும் கத்தும்.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. முதலில் ஸ்விட்சை ஆனில் வைத்து, பாயிண்டின் இரண்டு பாதியிலும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. பிறகு பிரேக்கரை அணைப்பது. இரண்டு பாதியுமே அணைந்தனவா என்று பார்ப்பது. ஒன்று மட்டும் அணைந்தால் அது மூன்றாவது முறை, இரண்டு பிரேக்கரையும் அணைத்தாக வேண்டும். பிறகு மல்டிமீட்டரை வேறு ஒரு ஓடும் பாயிண்டில் வைத்து 120 காட்டுகிறதா என்று சரிபார்த்து, நாம் தொடப்போகும் வயர்களில் அளந்து, மறுபடி அதே ஓடும் பாயிண்டில் சரிபார்ப்பது. மீட்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது படிதான் சாட்சி. ஸ்விட்ச் பெட்டியில் பக்கத்து ஸ்விட்ச் வேறு பிரேக்கரில் இருக்கக்கூடும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு வயரையும் அளந்த பிறகே விரலை உள்ளே விடணும்.

பாயிண்டையே மாற்றுவதாக இருந்தால், குழந்தைகள் கம்பியைச் செருக முடியாதபடி உள்ளே தடுப்பு உள்ள வகையைத்தான் போட வேண்டும். 2008 பதிப்பிலிருந்து வீடுகளுக்கு அதுவே விதி. வயரை ஸ்க்ரூவில் சுற்றி இறுக்குவதே நல்லது. பின்பக்கத் துளையில் வெறுமனே குத்திவிடும் இணைப்பு நாளடைவில் தளரும்.

விளக்கு என்ன ஆகும்?

இந்த வேலையில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். அந்தப் பாயிண்ட் அங்கே இருந்ததே விளக்குக்குப் பதிலாக. அதை எப்போதும் ஆனில் இருக்கிற மாதிரி மாற்றினால், அறையில் சுவர் ஸ்விட்சால் எரியும் விளக்கு இல்லாமல் போகலாம். அது விதிமீறல் மட்டுமல்ல. இருட்டில் கட்டில் காலில் இடித்து விழும் மனிதர் நம் வீட்டு ஆள்தானே. எங்கள் அறையில் ஃபேன் விளக்குக்குத் தனி ஸ்விட்ச் இருந்ததால் பழைய ஸ்விட்ச் தேவையில்லாமல் போனது. அப்படி இல்லாத அறையில் முதலில் சீலிங் விளக்கு, அதன் பிறகே இந்த மாற்றம். அல்லது ஒரு பாதியை ஸ்விட்சிலேயே விட்டுவிட்டு மறுபாதியை மட்டும் நேரடியாக்குவது. முதல் முறை வயரிங்காக இருந்து, ஸ்விட்சுக்கு முன்னால் உள்ள ஃபேஸ் பாயிண்ட் பெட்டிவரை வந்திருந்தால் இது முடியும். இரண்டாவது முறையில் எப்போதுமே முடியும், ஏனென்றால் கரண்ட் அங்கேதான் முதலில் வருகிறது.

சொந்த வீட்டில் வீட்டுக்காரரே வயரிங் செய்ய அமெரிக்காவில் பல இடங்களில் அனுமதி உண்டு, பெர்மிட் வாங்க வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஊர் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டால் தெரிந்துவிடும். வீட்டை விற்கும் நாளிலும், காப்பீடு கேட்கும் நாளிலும் அந்த ஃபோன் உதவும்.

கடைசியாக ஒன்று. வெற்றுத் தகட்டை மூடும் முன், அதன் உட்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வையுங்க: எந்தப் பாயிண்டின் ஸ்விட்ச் இது, எந்தப் பிரேக்கர், எந்த வருடம் நேரடியாக்கினோம். இரண்டாவது முறை வயரிங் என்றால், அந்த வெள்ளை வயரில் கறுப்பு டேப்பும் இரண்டு சுற்று. பத்து வருடம் கழித்து அந்தத் தகட்டைத் திறப்பவர் நம்மை அறிந்திருக்க மாட்டார். சுவருக்குள் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும்.